தரம் 100 வைத்தாலும் ஜேபெக், ரா ஆகிவிடாது

ரா என்பது கேமரா சென்சார் பதிந்த தகவலைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கும் கோப்பு. "ராவை 100 தரத்தில் ஜேபெக் ஆக்கினால் ஒன்றும் குறையாது, அப்புறம் ராவை அழித்துவிடலாம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி அழித்துவிடாதீர்கள். அந்த 100 சுருக்கத்தின் அளவை மட்டும்தான் சொல்கிறது, பெரிய இழப்பு அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. 14 பிட் ராவில் ஒரு பிக்சலுக்கு 16,384 நிலைகள் வரை உண்டு, சாதாரண ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256தான். ஒயிட் பேலன்ஸும், அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பும், ஜேபெக்கில் படத்திலேயே பதிந்துவிடும்.

ஜன்னலுக்கு முன்னால் ஒருவரை நிறுத்தி எடுத்த படத்தைத் திறந்து எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) குறைத்துப் பாருங்கள். ராவில், வெளுத்துப்போனதாகத் தெரிந்த வானத்திலிருந்து பல நேரம் மேகம் மெல்ல வெளியே வரும், ஜேபெக்கில் அதே இடம் வெறும் சாம்பல் பூச்சாகத்தான் மாறும், ஏனென்றால் அங்கே தகவலே மிச்சமில்லை.

வாட்ஸப்பில் அனுப்பவும் பிரிண்ட் போடவும் ஜேபெக் தாராளமாகப் போதும், எஸ்ஆர்ஜிபி என்ற, திரைகளுக்கான பொதுவான நிற வரம்பில் 90 தரம் வைத்தாலே கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இடம்தான் பிரச்சினை என்றால் தேறாத படங்களின் ராவை மட்டும் அழியுங்கள், நல்ல படங்களின் ராவை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு வையுங்கள்.