பாஸ்வேர்ட் பிள்ளைகிட்ட இருக்கட்டும்

இங்க மலேசியாவுல அஞ்சாம் படிவப் பிள்ளைங்க எழுதுற எஸ்பிஎம் பரீட்ச ரிசல்ட் வந்துட்டா போதும், ஒரு மாசத்துக்கு என் வாட்ஸாப் ஓயாது. "அண்ணே யூபியூல எதப் போடுறது", "அண்ணே மெட்ரிக்குக்குத் தனியா அப்ளை பண்ணணுமா". யூபியூன்னா அரசாங்க யுனிவர்சிட்டிக்கு ஆன்லைன்ல அப்ளை பண்றது, மெட்ரிக்னா யுனிவர்சிட்டிக்கு முந்தின அரசாங்கப் படிப்பு. கேளுங்க, கேக்குறது நல்லதுதான். ஆனா கேக்குறது முக்காவாசி அப்பா அம்மாதான், படிக்கப்போற பிள்ளையோட குரல் ஒரு தடவகூட வர மாட்டேங்குது, அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல எங்கப்பா. 1993ல நான் எஸ்பிஎம் எழுதினேன். பேராக்ல சுங்கை சிப்புட் பக்கத்துல பால்மரத் தோட்டம், லயத்து வீடு. ஈப்போல இருக்கிற பொலித்தெக்னிக் உங்கு ஒமாருங்கற தொழில்நுட்பக் காலேஜுக்கு விண்ணப்ப பாரம் வாங்கிட்டு வந்தேன், அப்பா சம்பளத்துக்கு தோட்ட ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணிகிட்ட சாப் (முத்திரை) வாங்கணும். அப்பா விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கெடுக்குற எடத்துக்கு, போனா மத்தியானம் பால் ஊத்திட்டுத்தான் வருவாரு, மேலெல்லாம் ஒட்டுப்பால் வாடை. அந்தக் கையோட பாரத்தத் தொடக்கூடாதுன்னு சட்டையில நல்லா தொடச்சிட்டு, ரெண்டு விரலால புடிச்சி, சாமி மேடையில முருகன் படத்துக்குப் பின்னால சொருகி வச்சாரு. பத்திரமா இருக்கட்டும்னு. ஆபீஸ் படியேறி கிராணிகிட்ட பேச அவருக்குக் கூச்சம், மலாய்ல என்ன எழுதியிருக்குன்னு எங்கிட்ட கேக்குறதுக்கும் கூச்சம். நானும் அப்பா பாத்துக்குவாருன்னு விட்டுட்டேன். கடைசித் தேதி முடிஞ்சி பத்து நாள் கழிச்சி அம்மா படத்தத் தொடைக்கறப்ப பாரம் கீழ விழுந்துச்சு. அப்பா அதக் கையில எடுத்துப் பாத்துட்டு ஒண்ணுமே பேசல, அன்னிக்கு ராத்திரி சாப்பிடவும் இல்ல. அவரு மேல எனக்குக் கோவம் அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. பக்கத்துல உக்காந்து சொல்ல ஆளில்ல, அவ்வளவுதான்.

இப்ப அதுக்கு நேர்மாறா ஒண்ணு நடக்குது. என் தங்கச்சி மக நல்லா படிக்கிற பிள்ள. அவ எஸ்பிஎம் முடிச்சப்ப அவ அப்பா, எங்க மாப்ள, வேலைக்கு லீவ் போட்டுட்டு கம்ப்யூட்டர் கடையில உக்காந்து யூபியூல 12 சாய்ஸையும் அவரே நிரப்பிட்டாரு, ஐபிஜிங்கற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தனியா அதையும் அவரே, ஈமெயில் அவரு பேர்ல, போன் நம்பர் அவரோடது. பாசம்தான், நான் குத்தம் சொல்லல. ஐபிஜி நேர்காணலுக்குக் கூப்பிட்டாங்க. "ஏன் ஆசிரியராகணும்னு நினைக்கிறீங்க"ன்னு கேட்டிருக்காங்க, பிள்ளைக்கு வாயே வரல. வெளிய வந்து கார்ல உக்காந்து எனக்குப் போன் அடிச்சி அழுவுது, "மாமா, அப்பா போட்டாரு மாமா, நான் என்ன சொல்றது?"

அப்புறம்தான் மெதுவா கேட்டேன், உனக்கு என்னதாம்மா புடிக்கும்னு. விவசாயம் படிக்கணுமாம். செர்டாங்ல யுபிஎம் யுனிவர்சிட்டி, 1931ல விவசாயப் பள்ளியா ஆரம்பிச்ச எடம், அங்க எஸ்பிஎம் பிள்ளைங்களுக்கே விவசாய அறிவியல் அசாசி, அதான் டிகிரிக்கு முந்தின அடிப்படைப் படிப்பு, இருக்கு, எல்லாத்தையும் அவளே தேடிப் படிச்சி வச்சிருக்கா. செம்பனைக்கு ஏன் வேர் அழுகுதுன்னு எனக்கே பாடம் எடுத்தா. அப்பாகிட்ட சொன்னியான்னு கேட்டா, ஒரே ஒரு தடவ சொன்னாளாம். அதுக்கு அவரு கேட்டது, "மூணு தலமொறையா மண்ணுலயே கெடந்தோம், நீயும் மண்ணுக்கா போற?" அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சது.

அந்த வார்த்த எங்கருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். அட்டைக்கடியும் மழையும் அவரு உடம்புல இருக்கு. ஆனா மரம் சீவுறதும் மண்ண ஆராய்ச்சி பண்றதும் ஒண்ணில்லன்னு அவருக்கு எடுத்துச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு பத்து நிமிசம் குடுத்திருக்கலாம்.

அதனால நான் சொல்றது இதுதான். பெத்தவங்க செய்யறதுக்கு நெறைய இருக்கு. சம்பள சிலிப்பு, ஐசி (அடையாள அட்டை) நகல், பிடிபிடிஎன்ங்கற அரசாங்கப் படிப்புக் கடனுக்கு எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு தொறக்குறது, நேர்காணலுக்குக் கூட்டிட்டுப் போறது, இதெல்லாம் நம்ம வேல. மெட்ரிக் தனி, யூபியூ தனி, ஐபிஜி தனி, ஆறாம் படிவம் தனி, ஒவ்வொண்ணுக்கும் கடைசித் தேதிய காலண்டர்ல சிவப்பு பேனாவால வட்டம் போட்டு மாட்டுங்க. மெட்ரிக்ல நம்ம இந்தியப் பிள்ளைங்களுக்கு எடம் கம்மி, 2003லருந்து பூமிபுத்ரா (மலாய்க்காரங்க, பூர்வகுடிங்க) அல்லாத பிள்ளைங்க எல்லாருக்கும் சேத்தே பத்து விழுக்காடுன்னுதான் ஆரம்பிச்சாங்க, அதனால அத மட்டும் நம்பிக்கிட்டு மத்தத விட்டுடாதீங்க. ஆறாம் படிவத்தக் கேவலமா பேசாதீங்க, அது செலவு கம்மியான நல்ல வழி.

நம்ம தாமானுக்கு (குடியிருப்புக்கு) டேப்லட் தூக்கிட்டு வர்ற காலேஜ் ஏஜென்டுங்ககிட்ட மட்டும் கெட்டியா நில்லுங்க. "இங்க ஒரு சைன் போடுங்க அங்கிள்"ம்பான். கோர்ஸுக்கு எம்க்யூஏங்கற அரசாங்கத் தர நிறுவனத்தோட அங்கீகாரம் இருக்கான்னு கேளுங்க, அவன் வாயால சொல்றத நம்பாம வெப்சைட்ல பேரத் தேடிப் பாருங்க. கடன் பிள்ளை பேர்லதான் ஏறும்.

ஆனா எந்தக் கோர்ஸுங்கறதும், கீபோர்டும், பாஸ்வேர்டும் பிள்ளைகிட்ட இருக்கணும். ஈமெயில் அதோட பேர்ல இருக்கணும். தப்பா டைப் பண்ணா பண்ணட்டும், பக்கத்துல உக்காந்து "இன்னொரு தடவ படிச்சிப் பாரும்மா"ன்னு சொல்லுங்க. அது ஏன் அந்தக் கோர்ஸப் போடுதுன்னு கேளுங்க, பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க.

தங்கச்சி மக ஆறாம் படிவம் போயி அதோட முடிவுப் பரீட்ச எஸ்டிபிஎம் முடிச்சிட்டா. போன ஞாயித்துக்கெழம எங்க வீட்டுலதான் யூபியூ செஞ்சா. மாப்ள பக்கத்துல மூக்குக்கண்ணாடி போட்டுட்டு சம்பள சிலிப்பக் கையில வச்சிக்கிட்டு, அவ கேக்குற நம்பர மட்டும் ஒவ்வொண்ணா படிச்சிச் சொன்னாரு. மொத சாய்ஸ் விவசாயம். அவரு ஸ்க்ரீனக் கொஞ்ச நேரம் பாத்துட்டு "செர்டாங்குக்கு பஸ்ஸா ரயிலா"ன்னு கேட்டாரு.

சுங்கை சிப்புட் பக்கம் யார் வீட்டுலயாவது பாரம் நிரப்பாம கெடந்தா ஞாயிறு காலைல எங்க வீட்டுக்கு வாங்க, இன்டர்நெட் இருக்கு, பிரிண்டர் இருக்கு. பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க.