ஸ்க்ரூ மாற்றியவன் பேசுகிறேன்

நேற்றைய நேரலையைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். பார்க்காதவர்களுக்கு: ராக்கெட் செலவு எப்படிக் குறைந்தது என்பதுதான் பேச்சு. "அப்போ ராக்கெட்ல புதுசா ஒண்ணுமே இல்லைங்கிறீங்க, அப்படித்தானே சார்?" என்று கேட்டுவிட்டு அந்தத் தம்பி சிரித்தாரே, அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு. அங்கே பேச விடவில்லை. இது என் பக்கம், பேசுகிறேன்.

ராக்கெட் செலவைக் குறைத்தது புதுத் தொழில்நுட்பம் இல்லை. இருந்ததை வைத்துச் செய்த கெட்டிக்காரப் பொறியியல்.

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மெர்லின் எஞ்சினில் எரிவது சுத்திகரித்த மண்ணெண்ணெய். எரிபொருள் பம்பை ஓட்டும் டர்பைனைச் சுழற்றிய வாயுவை வெளியே விட்டுவிடும் பழைய, எளிய முறை. எரிபொருளைத் தெளிக்கும் பிண்டில் இன்ஜெக்டர் அப்பல்லோ காலத்திலேயே நிலவில் இறங்கியது. அப்புறம் எங்கேதான் மிச்சம்? கீழடுக்கில் ஒரே மாதிரி ஒன்பது எஞ்சின், மேலடுக்கில் அதன் தம்பி ஒன்று. இரண்டு அடுக்குக்கும் ஒரே எரிபொருள், ஒரே விட்டம். செய்ததையே திரும்பச் செய்தால் கை பழகும், விலை இறங்கும். அதைவிட அழகு, ஒன்பது இருப்பதால்தான் எட்டை அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் எரித்துக் கீழடுக்கைத் தரையிறக்கி, மறுபடி பயன்படுத்த முடிகிறது. ஒரே பெரிய எஞ்சின் என்றால் அதன் விசையை அவ்வளவு தணிக்க முடியாது.

புதுமை பார்க்க வேண்டுமா? நாசாவின் பழைய விண்வெளி ஓடம் ஸ்பேஸ் ஷட்டிலைப் பாருங்கள். இருபதாயிரத்துக்கும் மேல் வெப்பத் தடுப்பு ஓடுகள். பெரும்பாலும் ஒன்றின் வடிவம் இன்னொன்றுக்கு வராது. திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியிருந்தது. மறுபயன்பாடுதான், மலிவு மட்டும் வரவில்லை. அதற்கு அடுத்து நாசா முயன்ற சோதனை விண்கலம் எக்ஸ்-33 இன்னும் புதுசு. அதன் கூட்டுப்பொருள் ஹைட்ரஜன் தொட்டி 1999-இல் சோதனையிலேயே பிளந்தது, 2001-இல் திட்டத்தையே மூடினார்கள்.

"செங்குத்தாக இறங்குவது புதுசில்லையா?" டிசி-எக்ஸ் என்ற அமெரிக்கச் சோதனை ராக்கெட் 1993-லேயே இறங்கியது. அது அதிக உயரம் போகவில்லை என்பீர்கள். சரி. இறங்கும் பாதையை நொடிக்கு நொடி போடும் கணக்கு புதுசுதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2011-இல் நாசா தன் கணக்கு முறையில் போட்டுப் பார்த்தது. ஃபால்கன் 9-ஐ வழக்கமான வழியில் உருவாக்கினால் கிட்டத்தட்ட 400 கோடி டாலர். ஆன செலவு சுமார் 30 கோடி. அதே ராக்கெட்தான் ஐயா!

நானும் ஒரு காலத்தில் ஒரு கருவியில் இருந்த ஏழு அளவு ஸ்க்ரூவை ஒரே அளவாக்கினேன். மூன்று மாத வேலை. மாட்டும் பையன் மேசையில் ஏழு டப்பா இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது, நேரமும் பாதியானது. வருடக் கூட்டத்தில் கைதட்டல் யாருக்கு? அதே கருவியில் தொடுதிரை வைத்தவருக்கு. என்னிடம், "நீ ஸ்க்ரூதானே மாத்தினே" என்றார்கள், சிரித்துக்கொண்டே. நேற்று கேட்டதும் அதே சிரிப்புதான்.

பழசைப் பேசிப் புலம்புகிறான் என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். அந்தத் தொடுதிரை இரண்டாம் வருடமே படுத்துவிட்டது. கழற்ற என்னைத்தான் கூப்பிட்டார்கள்.