கும்பகோணத்துக்குத் தனி மாவட்டம் ஏன் வேண்டும்

கும்பகோணத்தின் மக்கள்தொகை என்ன என்று கேட்டால் இன்றும் எல்லோரும் சொல்வது 1,40,156. இது 2011 கணக்கு. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், தலைகளை எண்ணும் வேலையை 2027 பிப்ரவரிக்கு வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பழைய எண்ணையே கொஞ்சம் கவனியுங்கள். 2001இலும் ஏறக்குறைய அதே 1 லட்சத்து 40 ஆயிரம்தான். பத்து வருடத்தில் சில நூறு பேர்தான் வித்தியாசம். ஊர் வளரவில்லை என்றா அர்த்தம்? நகராட்சி எல்லை பன்னிரண்டு, பதிமூன்று சதுர கிலோமீட்டர். அதற்குள் வீடு கட்ட இடமில்லை. புது நகர்களெல்லாம் எல்லைக்கு வெளியே, ஊராட்சி நிலத்தில் முளைத்தன. அங்கே குடியிருப்பவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கும்பகோணத்துக்குத்தான் வருகிறார்கள். கணக்கில் மட்டும் கிராமத்து ஆட்கள்.

1866இல் நகராட்சியான ஊர் இது. 2021இல் தாராசுரத்தையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். நல்லதுதான். பக்கத்து ஊராட்சிகளையும் சேர்க்கலாமே என்று நகரத்தில் இருப்பவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஓர் ஊராட்சி மாநகராட்சிக்குள் வந்தால் அங்கே நூறு நாள் வேலை என்று மக்கள் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் போய்விடும், வீட்டு வரியும் ஏறும். விவசாயக் கூலிக் குடும்பங்கள் தயங்குவது முழுக்க நியாயம். சாலையும் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் எப்போது வரும் என்று தேதியோடு சொல்லாமல் அவர்களைச் சேர்க்கக் கூடாது.

சரி, மாவட்ட விஷயத்துக்கு வருகிறேன். பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997இல் திருவாரூர் வந்தது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை. 2011 கணக்குப்படி இந்த மூன்று தலைநகரங்களையும் விடக் கும்பகோணம் பெரிய ஊர். மயிலாடுதுறையில் அப்போது 86 ஆயிரம் பேர்கூட இல்லை, திருவாரூரில் அதைவிடக் குறைவு. அந்த ஊர்களுக்கு மாவட்டம் கிடைத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அவர்களுக்கும் அது தேவைதான். இன்னும் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே இருக்கும் நமக்கு மட்டும் ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

ஊர் பெரிது என்பதற்காக மட்டும் நான் கேட்கவில்லை. பந்தநல்லூர் பக்கத்தில் இருக்கும் ஒரு வயதானவர் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும் என்றால், கும்பகோணம் வந்து இன்னொரு பஸ் மாறி, அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூர் போக வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்காக அன்றைய கூலியையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். கும்பகோணம், திருவிடைமருதூர், பாபநாசம் என்று மூன்று தாலுகாவுக்கும் இயல்பான மையம் கும்பகோணம். திருபுவனம் பட்டு நெசவாளர், சுவாமிமலை சிற்பி, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு செய்பவர் என எல்லோருக்கும் சந்தையும் வங்கியும் இங்கேதான். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத் தலைமையகமே இங்கே இருக்கிறது. மாவட்ட அலுவலகங்கள் மட்டும் இல்லை.

தேர்தல் வந்தால் எல்லா மேடையிலும் தனி மாவட்டம் பேசப்படும், அப்புறம் பேச்சே இருக்காது. இப்போது கேட்டால், கணக்கெடுப்பு முடியும்வரை எல்லைகளை மாற்றக் கூடாது என்ற விதியைக் காட்டலாம். விதி சரிதான். ஆனால் 2028இல் மகாமகம் வருகிறது. லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் ஊருக்கு, முடிவெடுக்கும் அதிகாரி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் மாவட்டத்துக்கான கோப்பை இப்போதே தயார் செய்யட்டும். எல்லையைத் தொடாமல் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை, கலெக்டர் தன் அதிகாரிகளோடு கும்பகோணத்தில் உட்கார்ந்து மனு வாங்கட்டும். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.