மொழி மாறுகிறதா, ஆள் மாறுகிறாரா?

பேசும் மொழி மாறினால் பேசுபவரின் குணமும் மாறும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

எங்களுக்குக் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், அலுவலகங்களில் மலையாளம். எங்கள் பெரியம்மா சந்தையில், "ஏனுங்க தம்பி, நேத்து இருவதுக்குக் குடுத்துட்டு இன்னிக்கு முப்பதா?" என்று தக்காளிக்காரரை ஒரு பிடி பிடிப்பார். வில்லேஜ் ஆபீஸில் மலையாளம் பேசும்போது குரல் உள்ளே போய்விடும், முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே நிற்பார். சரி, மலையாளம் அவரை அடக்கிவிட்டது என்று சொல்லலாமா? பக்கத்து வீட்டுச் சேச்சியோடு அதே மலையாளத்தில்தான் மணிக்கணக்காக வயிறு குலுங்கச் சிரிக்கிறார். பயம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரால் வருவது.

2014இல் உளவியல் ஆய்வாளர் ஆல்பர்ட் கோஸ்டா குழு வெளியிட்ட ஆய்வும் நினைவுக்கு வருகிறது. ரயிலில் அடிபடவிருக்கும் ஐந்து பேரைக் காப்பாற்ற, ரயிலைத் தடுக்க ஒருவரைப் பாலத்திலிருந்து தள்ளுவீர்களா என்று கேட்டார்கள். தாய்மொழியில் கேட்டதைவிட, பின்னால் கற்ற மொழியில் கேட்டபோது தள்ளுவேன் என்றவர்கள் அதிகம். ஆனால் இங்கே பல பிள்ளைகளுக்குத் தெருவிலேயே இரண்டு மொழியும் சேர்ந்து வருகின்றன. வகுப்பறையில் கற்ற மொழிக்குக் கிடைத்த முடிவை அப்படியே அவர்களுக்குப் பொருத்த முடியாது.

அப்புறம் ஒன்று. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969 இடம் தருகிறது. பெரியம்மா போன்றவர்களுக்கு இது தெரிவதே இல்லை. எல்லைப்புற மக்களின் குணத்தைப் பற்றி எழுதுபவர்கள் இதையும் தயவுசெய்து எழுதுங்கள்.