வங்கக் கடலில் சூரியனை மறைய வைத்த புண்ணியவான்களே!

தரங்கம்பாடியில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கும் மகானுபாவர்களே, உங்களில் ஒருவராவது இந்த ஊரில் வந்து இறங்கியது உண்டா? மாலையில் கோட்டை முன்னால் உட்கார்ந்து, கடலில் சூரியன் மறையும் அழகை ரசிக்கலாமாம். எந்தக் கடலில் ஐயா? இது சோழமண்டலக் கரை. கடல் கிழக்கே கிடக்கிறது. சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே பொறையாறு பக்கம் திரும்பி நிற்க வேண்டும். கோவாவுக்கோ வர்கலாவுக்கோ எழுதி வைத்திருந்ததில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டிவிட்டு, அதற்குக் கீழே ஒரு செக்கச்சிவந்த படத்தையும் போட்டுவிட்டார்கள். அந்தப் படம் எந்த ஊரோ, யார் கண்டது.

உங்களுக்கென்ன, எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அகப்படுகிறவன் இந்தப் பக்கத்துக்காரன். "பட்டியலில் போட்டிருக்கே, உனக்குத் தெரியலையா?" என்று என் ஊரைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கிறது.

அடுத்தது அந்த ஓசோன். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. எந்தப் பட்டியலை எடுத்தாலும் ஒரே வரி: தரங்கம்பாடிக் கடற்கரையில் ஓசோன் நிறைந்த காற்று வீசுகிறது, அதைச் சுவாசித்தால் ஆயுள் கூடும். இதை நம்பி மூச்சுப் பயிற்சி செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடி, மூக்கை விடைத்து, இழுத்து இழுத்து விடுவார்கள். ஐயா, நம்மைக் காக்கும் ஓசோன் படலம் தலைக்கு மேலே 15 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அதன் வேலை புற ஊதாக் கதிரைத் தடுப்பது. அதே ஓசோன் தரைமட்டத்தில் இருந்தால் அது மாசு. வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து உண்டாவது. நெஞ்சை எரிக்கும், ஆஸ்துமாக்காரர்களைப் படுத்தி எடுக்கும். எட்டு மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டிலேயே வரம்பு வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வாயு எங்கள் ஊரில் கொட்டிக் கிடக்கிறது என்று எழுதுவது ஊருக்குச் சேர்க்கும் பெருமையா, அவதூறா? கடற்காற்றில் ஓசோன் இருக்கிறது, அது உடம்புக்கு நல்லது என்பது 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஊறிப்போயிருந்த நம்பிக்கை. அவர்களே அதைக் கைவிட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. கரையில் நின்றால் மூக்கில் ஏறும் அந்தக் கடல் வாசம் பெரும்பாலும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம். கடலில் உள்ள நுண்பாசிகள் விட்டுச் சென்ற பொருளிலிருந்து வருவது. எங்கள் காற்று நல்ல காற்றுதான், யார் இல்லை என்றது? அதற்கு எதற்கு இந்தப் பொய்ச் சான்றிதழ்?

அப்புறம் இந்த "டச்சுக்கோட்டை". பாதிப் பேர் டச்சு என்று எழுதுகிறார்கள். மீதிப் பேர் மேலே டேனிஷ், கீழே டச்சு. டச்சுக்காரர்கள் இருந்தது பழவேற்காட்டில், சதுரங்கப்பட்டினத்தில், தெற்கே நாகப்பட்டினத்தில். தரங்கம்பாடிக்கு வந்தவர்கள் டென்மார்க்குக்காரர்கள். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். நாயக்கர் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றைக்கும் டென்மார்க்கில் பத்திரமாக இருக்கிறது. 1845இல் இந்த ஊரை, வங்காளத்துச் சேரம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இப்படி ஊரையே விலை பேசி விற்ற கதை இருக்கும்போது, அதை விட்டுவிட்டு "பழமையான கட்டடக் கலைக்குச் சான்று" என்று ஒரு வரி. எந்தக் கட்டடத்துக்கு இந்த வரி பொருந்தாது, சொல்லுங்கள்?

அச்சகத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவின் முதல் அச்சகம் இங்கேதான் என்று அடித்துவிடுகிறார்கள். 1556இலேயே கோவாவில் அச்சு இயந்திரம் வந்துவிட்டது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே நூல் அச்சாகிவிட்டது. இங்கே அச்சகம் வைத்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் கரையிறங்கியதே 1706இல்தான். தமிழில் புதிய ஏற்பாடு இங்கே அச்சாகி முடிந்தது 1715இல். அது போதாதா? காகிதம் கப்பலில் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாமல் பக்கத்திலேயே காகிதப் பட்டறை வைத்தார்கள். பொறையாறு பக்கத்தில் கடுதாசிப்பட்டறை என்று ஒரு இடத்துக்கு அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் என்ற பட்டம் கொடுத்தால்தான் ஊருக்கு மதிப்பு என்று இவர்களுக்கு யார் சொன்னது?

எப்போது வரலாம் என்பதற்கும் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை. ராஜஸ்தானுக்குச் சொன்னதை அப்படியே இங்கே இறக்கிவிட்டார்கள். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டிசம்பர் வரை இந்தக் கரைக்கு விடிவு கிடையாது. எங்களுக்கு வருஷத்து மழையில் பெரும்பங்கு அப்போதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. இவர்கள் பேச்சைக் கேட்டு அந்த வாரம் குடும்பத்தோடு சுற்றுலா வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சரி, பள்ளி விடுமுறையில் மே மாதம் வருகிறார்கள், "கடலிலிருந்து அப்போதே பிடித்த வஞ்சிரம்" கேட்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் மீன். கிடைத்த மீனைச் சாப்பிட்டுவிட்டுப் போகாமல், பட்டியலில் இருந்த மீன் இல்லை என்று கடைக்காரரிடம் சண்டை வேறு.

இதையெல்லாம்கூட சிரித்துவிட்டுப் போய்விடலாம். "தரங்கம்பாடிக்கு அரை மணி நேரம் போதும்" என்று ஒரு வரி எழுதுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் முடித்தவர்களை அப்படியே வேனில் ஏற்றி மத்தியானம் இங்கே கொண்டுவந்து இறக்குகிறார்கள். உச்சி வெயில். கோட்டைக்கு முன்னால் அந்தத் திறந்தவெளியில் ஒதுங்க நிழல் இல்லை. எண்பது வயதுப் பெரியவர், புது வேட்டி, கழுத்தில் ரோஜா மாலை இன்னும் கழற்றவில்லை, மணல் சுடுகிறது என்று காலை மாற்றி மாற்றி வைக்கிறார். பட்டுப்புடவையில் பாட்டி பேத்தியின் காதில் ஏதோ கேட்கிறார். பேத்தி ஓடி வந்து என்னிடம் கேட்கிறாள்: "அண்ணா, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" ஓட்டுநர் அதற்குள் ஹாரன் அடிக்கிறார், சாயங்காலத்துக்குள் திருநள்ளாறு போயாக வேண்டுமாம். எல்லோரையும் கோட்டையை மறைத்து வரிசையாக நிறுத்தி ஒரு படம். தரங்கம்பாடி முடிந்தது!

அந்தப் பாட்டிக்கு வேண்டிய ஒரே தகவல் எந்தப் பட்டியலிலும் இல்லை. கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, குடிதண்ணீர் எங்கே, மயிலாடுதுறைக்குக் கடைசிப் பேருந்து எப்போது? எதுவும் கிடையாது. அருகிலுள்ள ரயில் நிலையம் மயிலாடுதுறை என்று மட்டும் போடுவார்கள். மயிலாடுதுறையிலிருந்து இங்கேயே வந்துகொண்டிருந்த ரயிலை எண்பதுகளில் நிறுத்திவிட்டார்கள், அதனால் அங்கே இறங்கிப் பேருந்து பிடித்து, இங்கே மெயின் ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும், வயதானவர்கள் இருந்தால் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள் என்று சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கடலில் நீந்தி மகிழுங்கள் என்று எழுதும் கைக்கு, மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், பாசி பிடித்து வழுக்கும், அதன்மேல் ஏறாதீர்கள் என்று எழுத மட்டும் ஏன் வலிக்கிறது? அந்தக் கோயிலையே பாதிப் பேர் "கடலோரச் சிவன் கோயில்" என்று தாண்டிவிடுகிறார்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில் அது. டென்மார்க்குக்காரன் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்னால் கட்டியது, முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. ஊரிலேயே பழைய கட்டடத்துக்கு ஒரு வரிகூட இல்லை, கரையோரத்துச் செல்ஃபிக்கு மட்டும் ஒரு பத்தி.

அரை மணி நேரத்தில் எதைப் பார்ப்பீர்கள்? 1792ஆம் வருஷத்து வெள்ளை நுழைவாயிலிலிருந்து ராஜவீதியில் மெதுவாக நடந்தாலே அந்த அரை மணி ஓடிவிடும். வழியில் 1701இல் கட்டிய சீயோன் ஆலயம். இன்னும் கொஞ்சம் தள்ளி 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், முகப்பில் டென்மார்க் அரசரின் கிரீடமும் முத்திரையும். ஆலயம் எழும்பி முடிந்த சில மாதங்களில், 36 வயதில் செத்துப்போன சீகன்பால்க்கை அதற்குள்ளேயேதான் புதைத்திருக்கிறார்கள். ஒரு ராத்திரி தங்கி, விடிவதற்கு முன்னால் எழுந்து கரைக்கு வந்தால் சூரியன் கடலிலிருந்து கிளம்புவதைப் பார்க்கலாம், படகுகள் வந்து சேர்வதையும் பார்க்கலாம். பௌர்ணமி நாளில் வந்தால் இன்னும் விசேஷம்: மேற்கே சூரியன் இறங்குகிற நேரத்துக்குக் கிழக்கே கடலுக்குள்ளிருந்து நிலா எழும்பும். எங்கள் கரையில் சாயங்காலத்தில் கடலைப் பார்த்து உட்கார ஒரு காரணம் உண்டென்றால் அதுதான். ஒரு பட்டியல்காரருக்காவது இது தெரியுமா? ஊர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதே தெரியாதவரிடம் நிலாவைப் பற்றி என்ன பேசுவது.

வர முடியாதென்றால் வராமலே இருங்கள், குறைந்தபட்சம் ஒரு வரைபடத்தையாவது விரித்துப் பாருங்கள். நீலமாக இருப்பது கடல். அது வலது பக்கம் இருக்கிறது.