கூலிகளுக்கு எதற்கு அஞ்சலி என்று கேட்டவருக்கு

யார் எழுதியது என்று பெயர் சொல்லப் போவதில்லை. நேற்று முழுக்க அந்தக் கருத்து எல்லாருடைய வாட்ஸ்அப்பிலும் சுற்றியது, உங்களுக்கே தெரியும். தாய்லாந்தின் காஞ்சனபுரி போன நம் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள், ஜப்பான்காரன் காலத்தில் சயாம்-பர்மா ரயில் பாதை போடப் போய்ச் செத்த நம் தமிழர்களுக்கான நடுகல் முன்னால் மாலை வைத்து நிற்கும் படம். அதன் கீழே நம்மாள் ஒருவர், மேடை ஏறினால் தமிழன் தமிழன் என்று தொண்டை வறளப் பேசுகிறவர், "அவர்கள் என்ன போர் வீரர்களா? ஜப்பான்காரனுக்குக் கூலி வேலை பார்த்துச் செத்தவர்கள். இதற்கு ஒரு வெளிநாட்டுப் பயணம், இதற்கு ஒரு வசூல்" என்று எழுதுகிறார். அதற்கு வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். வீட்டிலும் அதையே சொன்னார்கள். முடியவில்லை.

அவர்கள் கூலிக்குப் போனவர்கள் இல்லை ஐயா, பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. அதற்கு முன்பே மலாயா ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். பால் வெட்டினால் வாங்க ஆளில்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். அந்த நேரத்தில் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) என்று ஜப்பான்காரர்கள் ஆசை காட்டினார்கள். நம்பிப் போனவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அது பத்தாமல் தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குப் போட்டார்கள். சரக்கு வண்டியில் அடைத்துத் தாய்லாந்தின் பான்போங் வரைக்கும், அங்கிருந்து காட்டுக்குள் நடை. பர்மாவின் தன்புசாயத் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 அக்டோபர் 17 அன்று இரண்டு முனையும் சேர்ந்தது. இதற்குப் பெயர் கூலி வேலை என்றால், கூலி எங்கே? கடைசியில் மிஞ்சியது வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு. போர் முடிந்ததும் அடுப்பெரிக்கத்தான் ஆனது.

என் தாத்தாவின் தம்பி அப்படிப் போனவர். சின்னத் தாத்தா என்று நாங்கள் சொல்வோம், ஒரு படம்கூட இல்லை. கிராணியின் (தோட்டத்துக் கணக்கர்) பட்டியலில் முதலில் இருந்தது தாத்தாவின் பெயர். தாத்தாவுக்குக் கைப்பிள்ளை இருந்ததால் தம்பி போய் லோரியில் ஏறினார். போர் முடிந்து சிலர் திரும்பி வந்தார்கள், இவர் வரவில்லை. எந்த முகாமில், காலராவிலா, மலேரியாவிலா, அடியிலா, ஒன்றும் தெரியாது. செத்த நாள் தெரியாததால் திதி கிடையாது. ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் பாட்டி இலையில் ஒரு பங்கு கூடுதலாக வைப்பார். வறுத்த மரவள்ளிக்கிழங்கும் அதில் இருக்கும். அதை மட்டும் எங்களைச் சாப்பிட விடமாட்டார். ஏன் என்று கேட்டால் பதில் வராது.

இப்படி ஒரு வீடு இல்லை. பழைய தோட்டக் குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள், பல வீடுகளில் "சயாமுக்குப் போனவர்" ஒருவர் இருப்பார்.

காஞ்சனபுரியில் டோன்ராக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. ஜப்பான்காரன் பிடித்துவந்து அதே தண்டவாளத்தில் வேலை வாங்கிய பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏறக்குறைய 7,000. வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாக வெண்கலப் பலகை, ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. நான் போயிருந்தபோது ஓர் ஆஸ்திரேலியப் பள்ளிக் குழு வந்திருந்தது. ஒரு பெண் பிள்ளை கையிலிருந்த தாளைப் பார்த்துப் பார்த்து வரிசையை எண்ணிக்கொண்டே போய் ஒரு பலகை முன்னால் உட்கார்ந்தாள். பலகையில் ஒட்டியிருந்த ஈர இலையை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, தாளில் இருந்ததைத் தோழிகளுக்கு வாசித்தாள். கொள்ளுப்பாட்டியின் அண்ணனாம். அப்புறம் என்னைப் பார்த்து, உங்களுடையவர் எந்த வரிசை என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். நான் என்ன சொல்ல?

ஆஸ்திரேலியர்களின் போர் நினைவு நாளான ஏப்ரல் 25 விடியற்காலையில், அந்தப் பாதைக்காகப் பாறையைப் பிளந்த ஹெல்ஃபயர் பாஸில் அஞ்சலி நடக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து விமானம் ஏறி வந்து இருட்டில் நிற்பார்கள். அதைப் பார்த்து யாராவது சிரித்தார்களா? வசூல் என்றார்களா? அவர்கள் பிள்ளைகள் போனால் வரலாறு, நம் பிள்ளைகள் போனால் ஊர் சுற்றல். நன்றாக இருக்கிறது நியாயம்.

"அவர்கள் ராணுவத்தார், பதிவேடு இருக்கிறது, பெயர் இருக்கிறது" என்று ஒருவர் அறிவாளி மாதிரி விளக்கம் கொடுத்திருந்தார். அதைத்தானே நானும் சொல்கிறேன். போர்க்கைதிகள் 60,000க்கும் மேல், செத்தவர்கள் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். போர்க்கைதிகளோடு அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, கக்கூஸைத் தள்ளித் தோண்டு என்று அதட்டிச் சொல்ல ஓர் அதிகாரி இருந்தான். நம்மவர்களுக்கு யார் இருந்தார்கள்? 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்துப் போனார்கள். 1990இல் காஞ்சனபுரியில் ஒரு வயலைத் தோண்டியபோது எலும்பு எலும்பாக வந்ததே, அதில் எவருக்குப் பதிவேடு இருந்தது? பதிவேடு இல்லாதவனுக்குத்தான் பேரப்பிள்ளை போக வேண்டும்.

செலவு பற்றிக் கேட்டவர்களுக்கு: அது பெற்றோர் கொடுத்த பணம். உங்கள் பையிலிருந்து ஒரு ரிங்கிட் போகவில்லை. அவ்வளவுதான்.

ஜப்பானியர் மேல் பிள்ளைகளுக்கு வெறுப்பு ஊட்டுகிறோமாம். அந்தப் பிள்ளைகள் திரும்பிவந்து பார்ப்பது ஜப்பான் கார்ட்டூன்தான். பயப்படாதீர்கள்.

உண்மையில் எனக்கு வலிக்கிற இடம் வேறு. இதே நண்பர் ஒவ்வோர் ஆண்டும் நேதாஜி பிறந்தநாளுக்கு நீளமாக எழுதுகிறவர். எழுதட்டும், எனக்கும் பெருமைதான். தோட்டத்துப் பெண்கள் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்ததை நினைத்தால் எனக்கும் சிலிர்க்கும். ஆனால் தேதியைக் கொஞ்சம் பாருங்கள். சிங்கப்பூரில் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்திய) அரசு அறிவிக்கப்பட்டது 1943 அக்டோபர் 21. தண்டவாளம் சேர்ந்து நான்கே நாள். நேதாஜியின் படையினர் பர்மாவுக்குப் போனதும் அதே தண்டவாளத்தின் வழியாகத்தான். சீருடை போட்டவர் போன வண்டிக்குக் கீழே கோவணம் கட்டியவர் கிடக்கிறார். இரண்டு பேரும் ஒரே தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) போனவர்கள், சில வீடுகளில் அண்ணன் தம்பி. ஒருவருக்கு வீட்டுச் சுவரில் படம், இன்னொருவரைப் பற்றிப் பேசவே கூச்சம். இந்தக் கூச்சத்தை வெள்ளைக்காரனோ ஜப்பான்காரனோ நமக்குக் கொடுக்கவில்லை. கூலி என்ற பெயர் ஒட்டிவிடுமோ என்று நாமே பயந்து வளர்த்தது. நாலு எழுத்துப் படித்து, நல்ல வேலைக்குப் போய், வீடு வாங்கியதும் தாத்தாவை மறைக்கத் தோன்றுகிறது. எனக்கு வருகிற கோபம் அதில்தான்.

2023இல் அந்த நடுகல் வைப்பதற்குள் போர் முடிந்து எண்பது வருஷத்தை நெருங்கிவிட்டோம். வைத்தபிறகும் பிள்ளைகள் போகக்கூடாது என்றால் அதை வைத்தது யாருக்கு?

இன்னொன்று. அந்தப் பிள்ளைகள் அங்கே சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்களாம், அதையும் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பதினாறு வயசு. பஸ்ஸிலும் ரயிலிலுமாக அவ்வளவு தூரம் போய், வெயிலில் நின்று, தேவாரம் பாடி, அப்புறம் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே. சின்னத் தாத்தா லோரியில் ஏறும்போது அவருக்கும் ஏறக்குறைய அதே வயசுதான்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு இரண்டாவது குழு போகிறது. பாடாங் பெசாரில் எல்லை தாண்டி தாய்லாந்து ரயில், பான்போங் வழியாகவே போகும். பிள்ளைகளின் பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர் உள்பெட்டிக்கு வாருங்கள். வீட்டில் சயாமுக்குப் போனவர் பெயர் தெரிந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள், முழுப்பெயர் இல்லாவிட்டாலும் தோட்டத்தின் பெயர் போதும், பிள்ளைகள் அங்கே வாசிப்பார்கள். விவாதம் பண்ண வருகிறவர்கள் தயவுசெய்து வரவேண்டாம், இன்றைக்கு எனக்கு அதற்குத் தெம்பில்லை.