அது குருட்டு அதிர்ஷ்டம் அன்று

1996 மார்ச்சில், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில், நடப்புச் சாம்பியனான யு.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம்) அணியைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணி 43–41 என வென்றது "பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு காலம் கடத்தியதாலும், கடைசி நொடி அதிர்ஷ்டத்தாலும்தான்" என்று சொல்லப்படுவது சரியன்று. 35 விநாடிகளுக்குள் பந்தைக் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதி அப்போதே இருந்ததால், விருப்பம்போல் நேரத்தைக் கடத்த வழியே இல்லை.

பிரின்ஸ்டனும் அடங்கிய ஐவி லீக் என்ற கூட்டமைப்பின் கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்குவதில்லை. உயரமும் வேகமும் மிக்க வீரர்கள் அங்கே எளிதில் வந்து சேர்வதில்லை. ஆகவே பயிற்சியாளர் பீட் கேரில், வழக்கமாகக் கூடைக்கு அருகில் நிற்கும் சென்டர் என்ற வீரரையும் கூடையை விட்டு வெளியே நிறுத்தி, நெருங்கி வந்து மறிக்கும் தடுப்பாளரின் முதுகுப்புறமாகக் கூடையை நோக்கிச் சட்டென வெட்டி ஓடும் ஆட்டத்தைத் தம் வீரர்களுக்குப் பழக்கியிருந்தார். வெற்றிக் கூடை விழுந்ததும் அப்படித்தான். முதலாண்டு மாணவரான கேப் லெவல்லிஸ் உள்ளே வெட்டிப் பார்த்து, வழி அடைபட்டதும் வெளியே வந்து, மறுபடியும் வெட்டியபோது, ஸ்டீவ் குட்ரிச் தரையில் தட்டி அனுப்பிய பந்து அவர் கைக்கு வந்தது. அப்போது ஏறத்தாழ 4 விநாடிகளே மீதமிருந்தன.

34–41 எனப் பின்தங்கிய பின் எதிரணியை ஒரு புள்ளிகூட எடுக்கவிடாததில் அதிர்ஷ்டத்துக்கும் சிறு பங்கு இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் இதே கேரிலின் அணி 1989-இலேயே முன்னணி அணியான ஜார்ஜ்டவுனிடம் 50–49 என ஒரே புள்ளியில்தான் தோற்றது.